என் பெயர் வெட்டிய கத்தி

பெயர் இசக்கிமணி, வயது 54, தகப்பனார் பெயர் வேல்சாமி, அச்சன்புதூர் அருகே பொத்தையடித் தெரு, தென்காசி மாவட்டம். மேற்படி நபர் விசாரணை அதிகாரி முன்பு ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னதாவது:

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவி ரெங்கம்மாள், மகள் சங்கரேஸ்வரி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எனக்குச் சொந்தமாக வயல் உள்ளது. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் பழக்கடை போடுவேன். என் மகள் போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தேறி, வீட்டு விசாரணைக்கு ஆள் வருவதை எதிர்பார்த்து இருக்கிறாள். இதை முதலில் எழுதினால்தான் மற்றதைச் சொல்வேன் என்று நான் சொன்னதால் முதலில் எழுதப்பட்டது.

இப்போது எனக்குக் காட்டப்பட்ட கத்தி நான் வாங்கியதுதான். அதில் 'உபயம் வே. இசக்கிமணி' என்று வெட்டியிருப்பது என் பெயர்தான். ஆனால் அந்தக் கத்தியால் நான் ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட நறுக்கியது கிடையாது.

எங்கள் தெருவில் சுடலைமாடன் கோயில் உள்ளது. சித்திரையில் கொடைத் திருவிழா நடக்கும். போன வருடக் கொடையில் கிடாயைத் தோலுரித்தவர்கள் கூர்முனைக் கத்தியை வைத்து உரித்ததில் முனை குடலில் இறங்கி, சாணி கறியில் பரவி, சாமிக்குப் படைக்க வேண்டிய கறி நாறிப் போனது. அந்தக் கேவலம் இனி நடக்கக் கூடாது என்று நானே ஒரு கத்தி வாங்கிக் கொடுப்பதாகக் கோயிலில் வைத்துச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அதன் பிறகு பங்குனி மாதத்தில் நானும் ரெங்கம்மாளும் தென்காசியில் முகம்மது யூசுப் என்பவரின் இரும்புக் கடைக்குப் போனோம். அவர் முதலில் காட்டிய நீளக் கத்தி துண்டு போடத்தான் ஆகும், உரிக்க ஆகாது என்று வேண்டாம் என்றேன். அதன் பிறகு காட்டியது பிளாஸ்டிக் பிடி போட்டது, கொழுப்புப் பட்டால் கையில் நிற்காது என்று அதையும் வேண்டாம் என்றேன். அதன் பிறகு உள்ளே போய், லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி ஒன்றை எடுத்து வந்தார். உள்ளங்கை நீளம்தான் இருந்தது. வாய் வளைந்து, முனை மழுங்கி மேல் பக்கம் ஏறியிருந்தது. ஆள்காட்டி விரலை வைத்து அழுத்த முதுகு தடிமனாக இருந்தது. பிடி மரப்பிடி. தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஓடும், குடலைத் தொடாது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. யூசுப் சிரித்துக்கொண்டே, "இது வேட்டைக்குப் போறவன் தேடுத கத்தி அண்ணாச்சி, நீங்க கோயிலுக்குங்கிறிய" என்றார். "எங்க தெருவுல எவன் பாய் வேட்டைக்குப் போறான்" என்று நானும் சிரித்தேன்.

அதன் பிறகு பாத்திரக் கடை வாசலில் பெயர் வெட்டுகிறவரிடம் கத்தியைக் கொடுத்தேன். எங்கள் பக்கம் கோயிலுக்குக் குத்துவிளக்கு, கொப்பரை எது கொடுத்தாலும் பெயர் வெட்டித்தான் கொடுப்பது. ரெங்கம்மாள், "கத்தியில எதுக்கு பேரு, சும்மா குடுங்க" என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. நன்றாகத் தெரியும்படி பெரிய எழுத்தாக வெட்டச் சொன்னேன்.

அதன் பிறகு கத்தியை மஞ்சள் துணியில் சுற்றி, கோயில் தலைவர் மகாதேவன் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். சாவி அவரிடமும் அவருடைய தம்பி விஜய்பாண்டியிடமும்தான் இருக்கும். கோயிலுக்கு வந்த புதுக் கத்தி முதலில் மாடன் கிடாயில்தான் பட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அது மகாதேவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு கடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு முழுவதும் கறி மசாலா வாசம் வந்தது. பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழி எப்போதும் திறந்து கிடக்கும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சமைத்தாள். எங்கள் வீட்டில் அன்று கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. மறுநாள் காலை டீக்கடையில் மகாதேவன் என்னிடம், "அண்ணாச்சி, கத்தின்னா இதுல்லா கத்தி. தோலு சட்டையக் கழத்துத மாதிரி வருது" என்று சொன்னார். நான், "கொடைக்கு இன்னும் நாள் கெடக்கு, எந்தத் தோலு?" என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸை வைத்தார். அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். தன் சாவியும் தம்பியிடம்தான் இருக்கிறது, தம்பி வெளியூரில் இருக்கிறான் என்றார்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை மலையடி ஓடையில் ஒரு மிளா மானின் தலையும் தோலும் கிடந்ததாகவும், பக்கத்தில் என் பெயருள்ள கத்தி கிடந்ததாகவும் சொல்லி வனத்துறை அதிகாரிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். மிளா மானைத் தோலில் ஒரு கிழிசல் இல்லாமல் உரித்திருந்ததாக அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. உரிக்காமல் என்ன செய்யும், அதற்காகத்தானே தேடித் தேடி வாங்கினேன். அன்று அவர்கள் கேட்ட விவரங்களைச் சொன்னேன். இன்று ஆஜராகும்படி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு அன்று சாயங்காலம் மகாதேவன் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. "வயல மேய வந்து கண்ணியில விழுந்துட்டுன்னு நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி. கத்தியில பேரு வேற உங்க பேரா கெடக்கு. எல்லா வீட்லயும்தான் தின்னுருக்கு, யாருன்னு காட்டிக்குடுப்பிய" என்றார். "எல்லா வீட்லயுமா? எங்க வீட்ல எப்பம்லே தின்னோம்?" என்று கேட்டேன். அதுவரை அவரை லே போட்டுப் பேசியதில்லை. என் மகள் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவரை வெளியே போகச் சொன்னேன்.

அதன் பிறகு குழல்வாய்மொழி புறவாசல் வழியாக வந்து ரெங்கம்மாளிடம் அழுதாள். கொடைக் கறியைக் கோயில் வரி கொடுக்கிற வீடுகளுக்குக் கூறு வைப்பதுபோலவே இதையும் தேக்கிலையில் கூறு வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கும் கூறு வச்சிருந்தாவ மதினி. அவரு வாய் சும்மா இருக்காதுன்னு மகாதேவன் அண்ணாச்சிதான் எடுத்துட்டாவ" என்று சொன்னாள். இங்கே வந்து இதைச் சொல்வாளா என்றால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவள் வீட்டுச் சட்டியையும் கேட்பீர்கள்.

எனக்குக் கோபம் உள்ளதா என்று கேட்கப்பட்டது. உள்ளது. சாமிக்கென்று கொடுத்ததைச் சாமி தொடும் முன்னால் எடுத்துப் போனதற்கு உள்ளது. தெருவே தின்றுவிட்டு, தின்னாத என் வீட்டு வாசலில் அந்த மிளாவைக் கொண்டுவந்து போட்டதற்கு உள்ளது. நாளை என் மகளை விசாரிக்க வருகிறவர் பக்கத்து வீடுகளில்தான் கேட்பார். அந்த வாய்கள் என்ன சொல்லும் என்பதை நினைத்து, கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக உள்ளது. கொடைக்கு நான் இந்த வருடம் வரி கொடுக்கப் போவதில்லை. மாடன் கேட்டால் மாடனிடம் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது. அதில் பொய் எதுவும் இல்லை. கையொப்பமிடச் சொன்னபோது, ஒரு தடவை பெயரை வெட்டிக் கொடுத்துப் பட்டது போதும், கைநாட்டு வைக்கிறேன் என்று சொன்னேன். எழுதப் படிக்கத் தெரிந்தவர் கையொப்பம்தான் இட வேண்டும் என்று சொல்லப்பட்டதால் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வே. இசக்கிமணி