நூற்றுப் பன்னிரண்டு சதவீதம்

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் செல்லும் காலைப் படகில், வேதியியல் இளங்கலை மாணவியர் இருவர் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர்.

“லேப்ல நான் செஞ்ச பொடியோட விளைச்சல் நூத்துப் பன்னெண்டு சதவீதம்டீ,” என்றாள் ஷமீனா.

“கணக்குப்படி வரவேண்டியதவிடக் கூடுதலா? மாயாஜாலம் பண்றியா?” என்று சிரித்தாள் அவள் தோழி ரம்யா.

“பொடி உலரலடீ. தண்ணியையும் சேர்த்து எடை போட்டுட்டேன்.”

“அப்ப எண்பத்தஞ்சுன்னு எழுது. யாரு திரும்ப எடை போடப் போறா?”

“மிஸ்கிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். இன்னிக்கு ஓவன்ல உலர்த்தி மறுபடி எடை போடப் போறேன்.”

“அறுபதுதான் நிக்கும். இன்டர்னல் மார்க்கு குறையும். களமசேரி யூனிவர்சிட்டியில எம்.எஸ்சி. சீட்டு போயிடும், பாத்துக்கோ.”

“போனா போகட்டும். நாளைக்கு மருந்துக் கம்பெனியில நான் எழுதற எடையை நம்பித்தானே ஒருத்தர் மாத்திரை முழுங்குவாரு?”

என் பட்டப்படிப்புக் காலத்தில் இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

படகு துறையை நெருங்கியதும் ரம்யா தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“எடீ, என்னோடதும் ஈரம்தான். எண்பத்தெட்டுன்னு நானா எழுதிக்கிட்டேன். ஓவன்ல எனக்கும் கொஞ்சம் இடம் விடு.”