கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம்

அந்தி ஆறரை மணி. ஆள் நடமாட்டமில்லாத தெருவின் கடைசி வீடு. அலமாரியில் ஒரு கோப்பை மட்டும் மறுபடி திரும்பியிருந்தது…

என் நண்பனின் பெரியப்பாவுக்கு நடந்தது இது. லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா போனபின் தனி ஆள். பழைய பீங்கான் கோப்பைகளை வாங்கி வந்து, யார் குடித்திருப்பார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பார். அதற்கு ஒரு வழி உண்டு. விளிம்பின் தங்கப் பூச்சு தேய்ந்த இடம்தான் உதடு பட்ட இடம். கைப்பிடிக்கு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வலக்கைக்காரர். மறுபக்கம் என்றால் இடக்கை.

இந்தக் கோப்பையில் கைப்பிடிக்கு நேர் எதிரே தேய்ந்திருந்தது. அப்படிக் குடிக்கப் பார்த்துச் சட்டையை நனைத்துக்கொண்டார்.

கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் வைத்தால்… 'ர்ர்க்' என்று பீங்கான் மரத்தில் உரசும். பார்த்தால், கைப்பிடி அவர் நாற்காலியை நோக்கித் திரும்பியிருக்கும். எலியா? எலி உருட்டும்; திருப்பாது. லாரி அதிர்வோ என்று அடியில் ரப்பர் வைத்தார். திரும்பியது. நாற்காலியை இடம் மாற்றினார். கைப்பிடியும் மாறியது. லேசாகப் பால் வாசனை வேறு…

மகள் போனில் சிரித்தாள். "ஏம்பா, கப்போட குடித்தனம் நடத்துறீங்களா? பேசாம இங்க வந்துருங்க."

"வரேம்மா. இது ஏன் திரும்புதுன்னு மட்டும் தெரியட்டும்."

"தெரிஞ்சா வருவீங்களா?"

"சத்தியமா."

அந்த வாரமே காய்ச்சலில் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒரு கப்பில் வெந்நீர் கொண்டுவந்தாள். "எந்திரிக்காதீங்கண்ணே, நானே குடுக்கறேன்." கைப்பிடி அவள் கையில். அவர் உதடு பட்டது… எதிர்ப்பக்கம்.

பாதி மடக்கில் நிறுத்திவிட்டு அலமாரியைப் பார்த்தார்.

எழுந்து நடமாடிய அன்றே பால் காய்ச்சினார். அந்தக் கோப்பையில் ஊற்றி, எதிரே காலி நாற்காலியை நோக்கிச் சாய்த்தார். கையில் கோப்பையின் கனம் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

அன்றிலிருந்து கோப்பை திரும்பவில்லை.

மகள் கேட்டாள்: "எப்பப்பா வரீங்க?"

"எப்படிம்மா வர்றது? இங்க யாரு குடுப்பா?"

அவரைப் பார்க்கப் போன என் நண்பனுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கைப்பிடி நம் கையில். மெல்லச் சாய்க்க வேண்டும்… மூன்று மடக்குக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். மூச்சு வாங்குவது கேட்கும். அது அடங்கியபின் மிச்சம்.