ஊனம்: உண்டு / இல்லை

கிளார்க்: …அப்ப சங்கு ஊதினது உங்களுக்குக் கேக்கவே இல்லையாண்ணே?

ஃபோர்மேன்: பட்டறையில அத்தனை மிஷினும் ஓடுது. எவனுக்கும்மா கேக்கும்?

கிளார்க்: மத்த பதினாறு பேருக்கும் கேட்டிருக்கே. ஓடிட்டாங்களே.

ஃபோர்மேன்: நான் மிஷின் ஓரமா தரையில படுத்து அடி போல்ட்டை முடுக்கிட்டிருந்தேன். நீ விபத்து அறிக்கைதானே எழுதுற? போலீஸ் மாதிரி குடையறியே…

கிளார்க்: சரி சரி. கிரேன்ல என்ன தொங்கிச்சு?

ஃபோர்மேன்: தகட்டுச் சுருள். மூணு டன். கம்பிவடம் இழை இழையா அறுந்துட்டு வருது. நேர் கீழே நான்… கிரேன்காரன் தொண்டை கிழியக் கத்தினானாம்.

கிளார்க்: அப்பதான் என் தம்பி…

ஃபோர்மேன்: அப்பதான் உன் தம்பி! மத்தவங்க ஓடறதைப் பாத்து வாசல் வரைக்கும் ஓடினவன், திரும்பியிருக்கான். கத்த அவனுக்குக் குரல் ஏது? என்ன பண்ணான் தெரியுமா? தரையில பதிச்ச இரும்புத் தகட்டு மேல ரெண்டு காலாலயும் குதிச்சான்.

கிளார்க்: குதிச்சானா!

ஃபோர்மேன்: திம்முனு ஒரு அதிர்வு. முதுகுல ஏறி நெஞ்சுல வந்து இடிச்சுது. திரும்பிப் பாத்தா, கை ரெண்டும் பேசுது. 'எழுந்திரிக்காதே. மேலே பாக்காதே. என் பக்கம் உருண்டு வா.' உருண்டேன். நான் கிடந்த இடத்துல இப்ப முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்மா.

கிளார்க்: வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், தூங்கிட்டான். இதைப் பத்தி மூச்சு விடலையே…

ஃபோர்மேன்: எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறியுது. ஒண்ணு விடாம எழுது.

கிளார்க்: எழுதிட்டேன். அடுத்த கட்டத்துலதான் கை நிக்குது. 'ஊனம்: உண்டு, இல்லை.' எதை அடிக்கட்டும்?

ஃபோர்மேன்: என்ன? குனிஞ்சு முணுமுணுக்காதம்மா. முகத்தைப் பாத்துப் பேசு.

கிளார்க்: அவனுக்கு ஊனம் உண்டா இல்லையான்னு ஒரு கட்டம் இருக்குண்ணே.

ஃபோர்மேன்: அவனுக்கா! நேத்து அந்தப் பட்டறையில முழு மனுஷனா நின்னது அவன் ஒருத்தன்தான். அந்த வார்த்தையையே அடிச்சுட்டு 'மாற்றுத்திறனாளி'ன்னு போடு. இப்ப அப்படித்தானே சொல்லணும்?

கிளார்க்: மேடையில சொல்லுவாங்க. பட்டறையில? 'ஏ ஊமை, ஸ்பேனரை எடு.'

ஃபோர்மேன்: …நானும் கூப்பிட்டிருக்கேன்.

கிளார்க்: தெரியும். பஸ்ல, கடையில… 'கண்ணு பொட்டையா', 'காலு நொண்டியா'. வையறதுக்குன்னே எடுத்து வெச்சிருக்காங்க இந்த வார்த்தைகளை. அவனுக்குக் கேக்காது. கூட நடக்கற எனக்குக் கேக்கும்.

ஃபோர்மேன்: நேத்து காலையில கூட நான் ஒருத்தனை, 'செவிடன் காதுல ஊதின…'

கிளார்க்: சொல்லுங்க. ஏன் நிறுத்திட்டீங்க?

ஃபோர்மேன்: விடும்மா. வாயில வர மாட்டேங்குது.

கிளார்க்: காகிதமெல்லாம் பறக்குது, கதவைச் சாத்திட்டு வரேன்.

ஃபோர்மேன்: சாத்து, சாத்து.

கிளார்க்: ம்… அண்ணே, அவன் கை பேசினது உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?

ஃபோர்மேன்: ஆறு வருஷமா பக்கத்துல நிக்கறான்ல…

கிளார்க்: கூடப் பொறந்தவ நான். எனக்கே அவன் கை பிடிபட ஆறு வருஷம் பத்தல.

ஃபோர்மேன்: டீ நேரத்துல சொல்லிக் குடுத்தான். சும்மா… பொழுது போகணுமே.

கிளார்க்: உங்களுக்கும் அதே கட்டம் இருக்கு. உண்டா, இல்லையா?

ஃபோர்மேன்: எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இல்லைன்னு போடு.

கிளார்க்: போட்டுடறேன். நாளைக்கு இன்னொரு சுருள் தொங்கும். அவன் லீவுல இருப்பான்.

ஃபோர்மேன்: இருபத்தெட்டு வருஷ மிஷின் சத்தம்மா. மொதல்ல குருவி போச்சு. அப்புறம் போன் மணி. போன வருஷம் பொண்டாட்டி குரல். உன் தம்பி ஒருத்தனுக்குத்தான் தெரியும். 'உண்டு'ன்னு எழுதினா என்னைப் பட்டறைக்குள்ள விடுவாங்களா?

கிளார்க்: 'உண்டு'ன்னுதான் எழுதுவேன். அதுக்குக் கீழேயே, 'சங்கு ஊதும்போது சிவப்பு விளக்கும் சுத்தணும், இங்க ரெண்டு பேருக்கு அது வேணும்'னு எழுதுவேன். விளக்கு மாட்டற வரைக்கும் நீங்க கிரேன் பக்கம் போகக் கூடாது.

ஃபோர்மேன்: ரெண்டு பேரு… ஆமா, ரெண்டு பேருதான். இரும்மா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நீ கேட்டதுக்கெல்லாம் ஒரு வார்த்தை பிசகாம பதில் சொன்னேனே!

கிளார்க்: அதைத்தாண்ணே என்னால நம்ப முடியல… கதவைச் சாத்தினதுலேர்ந்து நான் குரலே எழுப்பல. வெறும் உதட்டைத்தான் அசைச்சுக்கிட்டிருக்கேன்.