தானாகத் துடிக்கும்

ஈரக் கையால் பிடித்தால் தவளை அவ்வளவாகத் துள்ளாது. சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியல் கூடத்தில் பதினோரு வருடம் அட்டெண்டராக இருந்தபோது நான் கற்ற முதல் பாடம் அது. என் பெயர் ஜேசுதாஸ். ஒன்பது வருடமாக நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கம்பவுண்டர். நேற்றுக் காலை வரைக்கும் என்று சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. தவளையிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் புரியும்.

மூளையிலிருந்து இதயத்துக்கு ஒரு நரம்பு இறங்கி வருகிறது. குதிரைக்குக் கடிவாளம் மாதிரி. மின்சாரம் கொடுத்து அதைத் தூண்டினால் நுனியில் அசிட்டைல்கோலின் என்றொரு பொருள் சுரக்கும். இதயம் தயங்கும், பிறகு நின்றே போகும். மாணவர்கள் பதறுவார்கள். நான் பதறியதில்லை. சற்றுப் பொறுத்தால் போதும், மின்சாரத்தை நிறுத்தாவிட்டாலும் அந்தக் கடலை அளவுச் சதை தானாக மறுபடி துடிக்கும். ஆயிரம் தவளையாவது பார்த்திருப்பேன். ஒன்றுகூட என்னை ஏமாற்றியதில்லை. என் வாழ்க்கையில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது.

எஸ்டேட்டில் மாசி பிறந்துவிட்டால் காப்பிச் செடியில் மாவுப்பூச்சி விழும். மருந்தடிக்கிறவர்கள் காலையில் டிஸ்பென்சரி வாசலில் வந்து நிற்பார்கள். நான் நாடி பார்த்து நோட்டில் எழுதிய பிறகுதான் டேங்கை முதுகில் மாட்டுவார்கள். அந்த ஏற்பாடே என்னுடையது. பூச்சி மருந்தும் அதே கடிவாளத்தைத்தான் இழுக்கிறது. சுரந்த அசிட்டைல்கோலின் நொடியில் அழிந்துபோக வேண்டும். மருந்து உடம்பில் ஏறிவிட்டால் அழியாமல் தேங்கிவிடும். எச்சில் ஒழுகும், கண் மங்கும், நாடி இறங்கும். அதற்கு முறிவு மருந்து அட்ரோபின் ஊசி. அது என் அலமாரியில் எப்போதும் இருந்தது. இருபத்துநான்கு குப்பி இருந்ததை நீங்களே எண்ணிப் பார்த்தீர்கள்.

போன வருடம், எண்பத்தைந்தில், மருந்தடிக்கிற சித்தன் வந்தான். நாடி நாற்பத்திரண்டு. ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டேன், ஆனால் அவன் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்க மனம் வரவில்லை. நாற்பது. முப்பத்தெட்டு. பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, நாற்பத்தாறு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மலைக்கு வந்த பிறகு அன்றுதான் நான் சந்தோஷமாக இருந்தேன். ஊசியை அப்புறம் போட்டேன். அவன் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறான், விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குள் முடித்துவிட வேண்டுமென்று ஒருநாள்கூட விடாமல் மருந்தடித்தார்கள். ஒரு மத்தியானம் ஐயாக்கண்ணுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் மனைவி முத்தாயி கூடவே ஓடி வந்தாள். டிரம்மில் மருந்தைத் தண்ணீரோடு கலக்குவது அவள் வேலை.

"ஏனுங்க கம்பவுண்டரய்யா, வாயெல்லாம் நொரையா வருதுங்க. சித்தனுக்குப் போட்டீங்களே, அந்த ஊசியப் போடுங்கய்யா."

"ஸ்டாக் இல்ல முத்தாயி. டவுனுக்கு ஆள் போயிருக்கு. செத்த பொறு."

"எம்பட ஊட்டுக்காரரு பொழச்சுக்குவாருங்களா?"

"தானா சரியாயிரும்."

அதை நம்பித்தான் சொன்னேன். ஸ்டாக் இல்லை என்றதும் ஆள் போயிருப்பதாகச் சொன்னதும்தான் பொய். நாடி முப்பத்தாறு. முப்பத்தொன்று. இருபத்தாறு. அதற்குக் கீழே எழுத எண் கிடைக்கவில்லை. முத்தாயி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கடசி மட்டும் கைய உடாமப் புடிச்சிருந்தீங்களே" என்று சொல்லி அழுதாள். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது.

இறப்புச் சான்றிதழ் எழுத ஏற்காட்டிலிருந்து டாக்டரம்மா ஞானசுந்தரி வந்தார்கள். தவளை இதயம் நின்றாலும் தானாக மீள்கிறதே, மருந்து ஏறியவனுக்கு ஏன் மீளவில்லை என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"தவளைக்குச் சுரந்தது அப்பப்ப அழிஞ்சிருதுங்க ஜேசுதாஸ். இதுல அழியறதே இல்ல. லேசாப் பட்டவங்க வேணா தப்பிக்கலாம். மத்தவங்க தானா எப்படி மீளுவாங்க?"

இரண்டு விஷயமும் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவை. சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தலையை ஆட்டினேன். அன்று சோறு இறங்கவில்லை.

பதினாறு நாள் கழித்து முத்தாயி வேலைக்குத் திரும்பினாள். மறுபடியும் அதே டிரம்முதான், அதே வெறும் கைதான். முந்தாநாள் முற்பகலில் அவளே நடந்து டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"நொம்ப வேர்க்குதுங்க. கண்ணு மங்கலாத் தெரியுதுங்க. இப்பவாச்சும் ஊசி வந்திருச்சுங்களா?"

"வந்திருச்சு" என்றேன். அவள் முகம் தெளிந்தது. பெஞ்சில் படுக்கவைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். நாற்பத்தொன்று. டிஸ்பென்சரி வாசலைக் கூட்ட வந்த கண்ணாயி சன்னல் வழியாக இரண்டு தடவை பார்த்ததாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது சரி. மருந்து ஏற்றிய ஊசி என் வலது கையில் இருந்தது. முத்தாயி அதையே பார்த்து, எப்போது போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு நிமிடம். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

டாக்டரம்மா அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் இவளுக்கு ஏன் போடவில்லை என்று கேட்டீர்கள். அவசரப்படாமல் யோசித்துத்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஊசியைப் போட்டு அவள் எழுந்து உட்கார்ந்திருந்தால், ஐயாக்கண்ணுவைக் கொன்றவன் நான் என்று ஆகியிருக்கும்.