அஞ்சு பேருக்குத்தான் எடம்

பாட்டா? இல்லீங்க டீச்சர், பாட்டு இல்ல. செட்டு நல்லாத்தான் இருக்கு, ஸ்பீக்கரும் புதுசு. போன்லதான் கோளாறு. இந்தாங்க, நீங்களே கையில வாங்கிப் பாருங்க, நான் ரோட்டப் பாக்கணும். இந்த வளைவுல பஸ்காரன் பெத்த தகப்பன் வந்தாலும் ஒதுங்க மாட்டான். தெரியுதா? பாட்டுப் பேரெல்லாம் வரிசையா இருக்கும், ஆனா சாம்பல் கலர்ல. ஒன்ன அமுக்கிப் பாருங்க. ஆங், பாடாது.

டேட்டா போட்டாப் பாடும். சரிதான். ஆனா ஒரு கணக்குக்கு ஒரே நேரத்துல ஒரு எடத்துலதான் பாடும். நான் இங்க கேட்டா அங்க நின்னுரும். அங்கன்னா எங்கன்னு கேக்குறீங்க. சொல்றேன், குண்டசாலை வரைக்கும் போகணும்தானே.

இத எங்க மகதான் போட்டுக் குடுத்தா. லோஜினின்னு பேரு, ஒரே புள்ள. கொழும்புல ஒரு கம்பெனியில கணக்கு வேல, அங்கயே போடிங்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கா. அவ காசு கட்டுறா, அவ கணக்குல நானும் அவ அம்மாவும் கேக்குறோம். போன தீவாளிக்கு முந்தின தீவாளிக்கு வந்தப்போ, இந்தா நீங்க இருக்கிற அதே சீட்டுல உக்காந்து, அப்பா எந்தப் பாட்டு வேணும், எந்தப் பாட்டு வேணும்னு ஒன்னொன்னாக் கேட்டுக் கேட்டு எறக்கினா. பழைய பாட்டுல பாதி, சாமி பாட்டுல பாதி. நான் ஒரு பாட்டு வரிய தப்பாப் பாடுவேன், அவ சிரிச்சுக்கிட்டே தேடுவா. கடைசில சொன்னா, அப்பா இனி சிக்னல் தேவையில்ல, டேட்டாவ அணைச்சு வச்சிட்டே கேளுங்க, ரீலோட் மிச்சம்னு. நானும் அப்பிடியே அணைச்சு வச்சேன். அவ சொன்னபடி நடந்ததுதான் எனக்கு வினையாப் போச்சு.

எப்பிடின்னா, கட்டுகஸ்தோட்டைல பாலத்துக்கிட்ட ரிஸ்கான்னு ஒரு பையன் போன் திருத்துறான். நாங்களும் அந்தப் பக்கம்தான் இருக்கோம். அவன்கிட்ட காட்டினேன். அண்ணே, இதுல அஞ்சு போனுக்குத்தான் பாட்டு எறக்கி வைக்க எடம் இருக்குன்னான். எம் போன், வீட்டுக்காரி போன், மகளோட புதுப் போன், பழைய போன், அவ கம்ப்யூட்டர். அஞ்சு ஆச்சா? ஆறாவதா ஒன்னு வந்துச்சுன்னா, இருக்கிறதுல எது ரொம்ப நாளா சத்தமில்லாமக் கெடக்குதோ அத எறக்கி விட்டுருமாம். நான் சொன்னேன், தம்பி நான் விடிஞ்சா பொழுது போனா கேக்குறேனேன்னு. நீங்க கேக்குறீங்க அண்ணே, ஆனா டேட்டா இல்லாமக் கேக்குறீங்க, அது அவங்களுக்குத் தெரியாது, அவங்க கணக்குல நீங்க இல்லாத ஆளுன்னான்.

பாருங்க நியாயத்த. ஆட்டோக்காரங்க நாங்களும்தான் மூணு பேருக்கு மேல ஏத்தக் கூடாது. நாலாவது ஆள் கை காட்டினா எடமில்லம்போம். ஏற்கெனவே உக்காந்திருக்கிற மனுசன, நீ பேசாம வர்றே, அதனால எறங்குன்னு சொல்லுவமா?

அட, நீங்களும் இதே ஆப்தானா. அப்ப உங்களுக்குப் புரியும்.

மகளுக்குப் போன் எடுத்தேன். ஆறாவதா யாரும்மா ஏறினதுன்னு கேட்டேன்.  அப்பா அது அந்தக் கம்பெனிக்காரன் பண்ற வேல, நான் பாத்து சரி பண்றேன்னா. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே பின்னால குக்கர் விசில் அடிக்குது. போடிங்ல சமைக்க விடமாட்டாங்கன்னு அவதான் முந்தி சொன்னவ. நான் ஒன்னும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் சரி பண்ணவும் இல்ல.

மழை அடிக்குதா? அந்த ரெக்ஸின இழுத்துக் கொக்கில மாட்டிக்குங்க. புஸ்தகமெல்லாம் நனைஞ்சுரும். இந்தப் பாலம் தாண்டினா விட்டுரும்.

நான் வருசா வருசம் ஐயப்பனுக்கு மாலை போடுறவன் டீச்சர். கார்த்திகைல போட்டா தை பொறந்துதான் கழட்டுறது. உங்களுக்குத் தெரியும்தானே, மாலை போட்டா எழவு வீட்டுக்கும் போகக் கூடாது, புள்ள பெத்த வீட்டுக்கும் போகக் கூடாது. வீட்டுல பொண்டாட்டி கூட வழக்கம்போலக் கூப்பிட மாட்டா, வாங்க சாமி, சாப்பிடுங்க சாமிதான். இந்தத் தரம் மாலை போட்டுக் கொஞ்ச நாள்ல எங்க வீட்டுக்காரி ரத்தினம்மா வந்து சொன்னா, சாமி, பக்கத்து வீட்டு சுப்பம்மாவோட தங்கச்சி மக குண்டசாலைல புள்ள பெத்திருக்கு, பத்தியம் பாக்க ஆளில்ல, நான் கொழம்பு வச்சுக் கொண்டு போய்க் குடுத்திட்டு வர்றேன்னு. நல்ல காரியம்தானே. பஸ்ஸுல அலையாதேன்னு நானே இந்த ஆட்டோல ஏத்திக்கிட்டு வந்தேன். ஒரு நாள் இல்ல, வாரா வாரம்.

பூண்டுக் கொழம்ப எங்க வீட்டு அடுப்புல வைக்கல. மாலைக்காரர் வீடு பாருங்க, சுப்பம்மா வீட்டு அடுப்புல வச்சா. சந்தில எறங்கிக்கிட்டு, சாமி நீங்க இங்கயே நில்லுங்க, புள்ள பெத்த வீடு, தீட்டும்பா. திரும்பி வந்தா எம் பக்கத்துல கூட நிக்க மாட்டா, பின் சீட்டுல ஓரமா உக்காருவா. நேரா சுப்பம்மா வீட்டுல எறங்கித் தலைக்கு ஊத்திட்டுத்தான் எங்க வாசப்படி ஏறுவா. எம் விரதத்துக்கு ஒரு சொட்டுக் குத்தம் வரல. அவ்வளவு சுத்தமா செஞ்சா டீச்சர். ஒரு மனுசன இவ்வளவு சுத்தமா ஏமாத்தி நான் பாத்ததில்ல.

ஆமா, ஏமாத்துனாதான். சுப்பம்மாவுக்குத் தங்கச்சியே கெடையாதாம். அது எனக்குப் பிந்தித்தான் தெரியும்.

டீச்சர், இந்தச் சந்தில ஒரு நிமிசம் ஓரம் கட்டிக்கவா? உங்க வீடு இன்னும் கொஞ்சம் மேலன்னு தெரியும். நல்லது. மழையும் விட்டுருச்சு. எஞ்சின அணைச்சிர்றேன், அப்பதான் கேக்கும்.

அன்னைக்கும் இங்கதான் நின்னேன். இந்தக் கடை ஓரமா. ரத்தினம்மா கேரியரத் தூக்கிக்கிட்டு மேல ஏறிப் போயிட்டா. நான் சாமி பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். டேட்டா இல்லாமத்தான். ஹயருக்கு, அதான் சவாரிக்கு, வழக்கமாக் கூப்பிடுற ஒருத்தர் படம் ஒன்னு அனுப்பினேன் பாருங்கன்னு போன் பண்ணுனார், அதுக்காக டேட்டாவப் போட்டேன். போட்டதுதான் தாமசம், பாட்டெல்லாம் சாம்பலாப் போச்சு. அடியில பச்சையா ஒரு கோடு வந்துச்சு, இங்கிலீஸ்ல என்னமோ எழுதி. ரிஸ்கான் பொறகு வாசிச்சுச் சொன்னான், இதே கணக்குல வேற ஒரு எடத்துல பாட்டு ஓடுதுன்னு. அன்னைக்கு எனக்கு வாசிக்கத் தெரியல.

அந்தா, மாடி வீடு. கொடியில துணி காயுதே, மழைக்கு எடுக்க மறந்துட்டாங்க போல, அதுதான். அந்த வீட்டுல இருந்து பாட்டு கேட்டுச்சு. நான் கேட்டுக்கிட்டு இருந்த அதே சாமி பாட்டு. நல்ல வீடு, பக்தியான ஆளுங்கன்னு நெனச்சேன். அந்தப் பச்சைக் கோட்டு மேல கை பட்டுருச்சு. பட்டதும் அங்க பாட்டு நின்னுருச்சு. கரண்ட் போச்சோன்னு பாத்தேன். கடையில லைட் எரியுது. உள்ள ஒரு பச்சப் புள்ள அழுக ஆரம்பிச்சிருச்சு. நான் திரும்ப அமுக்கினேன். பாட்டு வந்துச்சு. அழுகை நின்னுச்சு. சும்மா தற்செயலா இருக்கும்னு இன்னொரு தரம் அமுக்கினேன். நின்னுச்சு. அழுதுச்சு. உடனே போட்டு விட்டுட்டேன், பாவம்.

ரத்தினம்மா காலிக் கேரியரோட எறங்கி வந்தா. போவோமா சாமின்னா. நான் ஸ்டார்ட் பண்ணுனேன். இன்னைக்கு வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. ரிஸ்கான்கிட்டப் போனது, மகளுக்குப் போன் எடுத்தது, எல்லாம் அதுக்குப் பொறகுதான். தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன். சொல்லுவாளான்னு பாத்தேன்.

எம் மக யாரக் கட்டியிருக்கா, எப்பக் கட்டினா, ஒன்னும் தெரியாது. கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் சாயந்தரம் வந்து துணி காயப் போடுவான். நல்லா உதறித்தான் போடுறான், அத ஒத்துக்கணும். என்கிட்ட கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அது வேற. ஆனா கேட்டிருக்கணும்தானே டீச்சர்? வேணாம்னு சொல்றதுக்காவது என்னைக் கேட்டிருக்கணும்தானே?

மேல போகச் சொல்றீங்க. மாலையக் கழட்டிட்டேன். முப்பத்தொன்னாம் நாள் தீட்டும் கழிச்சிருப்பாங்க, பேரும் வச்சிருப்பாங்க. தீட்டுன்னு சொல்லி நிக்க இனி வழியில்ல. யாராச்சும் வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னாப் போவேன். சொல்லாமப் போய் நின்னா, நான் அங்க யாருன்னு சொல்லிக்கிறது?

அதனால ஸ்டான்ட்ல குண்டசாலைக்கு ஹயர் வந்தா நான்தான் எடுப்பேன். மத்தவனுங்க விட்டுக் குடுத்திருவானுங்க, ஏன்னு கேக்க மாட்டானுங்க.

இந்தா, கேக்குதா? ஆரம்பிச்சிருச்சு. இந்த நேரத்துக்குத்தான் தூங்க வைக்கிறாங்க. நீங்க ஏறினப்பப் பாட்டுப் போடச் சொன்னீங்களே, இதான் எம் பாட்டு. இல்ல டீச்சர், டேட்டாவப் போட்டுட்டீங்களா, போனக் குடுத்துருங்க, அந்தப் பச்சைக் கோட்டுல கை வச்சிறாதீங்க, முழிச்சுக்கும்.

சின்னச் சின்னத் துணியாத்தான் காயுது. எல்லாம் வெள்ள. அத வச்சு ஒன்னும் சொல்ல முடியல. ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையான்னு உங்களுக்கு ஏதும் தெரியுதா டீச்சர்?