டோர்த்தியா அப்போலிஸ் சுமந்த மகரந்தம்

போதகர் அவர்களே, சரணாலயத் தோழர்களே, ஓவர்பெர்க் மலையில் பூப்பறித்துப் பிழைக்கும் என் ஊராரே, தாயை இழந்து நிற்கும் லியோனியே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

நம் சரணாலயத்தின் செடிக் காவலர் டோர்த்தியா அப்போலிஸ் அவர்களோடு பதினான்கு ஆண்டு மலையேறியவன் நான். புகழ்வதற்கு முன், அவரே சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். "நல்லவள்னு மட்டும் பேசிட்டு எறங்கிடாத கெர்ட். சின்ன வயசுல அந்தச் செவப்பு ஹீதர் பூவைக் கட்டுக்கட்டாப் பறிச்சு வித்தவ நான். அதையும் சொல்லு."

உலகில் வேறெங்கும் இல்லாத அந்தச் செடி, நம் சரிவில் முப்பத்தொன்றுதான் மிஞ்சியது. ஆண்டுதோறும் பூத்தது; விதையோ பொக்கு. தேன்சிட்டுகள் வரவில்லை என்று நினைத்தோம். டோர்த்தியா அக்கா ஒன்பது நாள் பாறைமேல் உட்கார்ந்து எண்ணினார். சிட்டுகள் வந்தன. அப்படியானால் குறை எங்கே?

"எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க கெர்ட். சம்பந்தம் வெளியிலேர்ந்து வரணும்" என்றார்.

தேடினார். ஓடைக்கு அப்பால், வில்லெம் ஸ்வார்ட்டின் கோதுமை நிலத்து மூலையில் ஒரே ஒரு செடி பூத்திருந்தது. அவரோ உழுவதற்கு டிராக்டரோடு நின்றார்.

"ஒரு பொதருக்காக நான் வெதைப்பை நிறுத்தணுமா?"

"பூ உதிர மூணு வாரம் ஆகும். அப்புறம் உங்க இஷ்டம்."

"சரி, மூணு வாரம். அப்புறம் வந்து அழக்கூடாது."

"நான் அழுது நீங்க எப்பப் பாத்தீங்க?"

தினமும் காலையில் ஊசி நுனியில் மகரந்தம் எடுத்து, ஓடையைத் தாண்டி வந்து, நம் செடிகளில் வைத்தார். அந்த ஒற்றைச் செடியிலிருந்து வெட்டி நட்ட கிளைகள் எதுவும் வேர்பிடிக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் ஸ்வார்ட் உழுதுவிட்டார். நான் கொதித்தேன். அக்கா சொன்னார்: "சொன்ன நாள் வரைக்கும் பொறுத்தாருல்ல? பறிச்சு வித்த எனக்கு அவரைத் திட்ட வாய் ஏது?"

அறுபத்துநான்கு நல்ல விதைகள் கிடைத்தன. நெருப்பு வந்துபோனால்தான் விழிக்கும் விதை அது. புகையேற்றிய நீரில் ஊறவைத்தோம். பத்தொன்பது நாற்றுகள் பிழைத்துச் சரிவில் வேரூன்றின. நான்காம் ஆண்டில், இந்த ஏப்ரலில், பூத்தன. அக்கா அப்போது படுக்கையில். போன வாரம் காயைப் பிளந்து பார்த்தேன். யார் கையும் படாமல், சிட்டுகள் மட்டுமே தொட்ட பூவின் காயில் விதை நிறைந்திருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல அவர் இல்லை. அடக்கம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

இன்னும் சில ஆண்டு விதை மண்ணில் சேரட்டும். அதன்பின், அவை முளைக்க, அந்தச் சரிவை நாமே அளவாக எரிக்க வேண்டும். அக்கா இரண்டு முறை கேட்டார். ஊர் இரண்டு முறையும் மறுத்தது. மறுத்துக் கை தூக்கியவர்களில் முதல் ஆள் நான். சரிவை ஒட்டியிருப்பது என் வீடு.

இனி அந்தக் கையைத் தூக்க மாட்டேன். தீ வைக்கும் நாளில், தீக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஈரச் சாக்கோடு நிற்பேன். நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள்.