என் அம்மாவிடம் கூடை தூக்கிவிடக் கேட்டவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தோழர்களே, இரண்டு தெருக்களிலிருந்தும் வந்து ஒரே பந்தலில் கூடியிருக்கும் உறவுகளே, வணக்கம்.

மறைந்த மரக்காணம் உப்பளப் பெண் தொழிலாளர் சங்கத் தலைவர் பாக்கியலட்சுமி அவர்களை, எனக்கு முன் பேசியவர்கள் சமாதானத் தேவதை என்றார்கள். தேவதைகளை நான் நம்புவதில்லை. பாக்கியலட்சுமியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். இன்றும் படுகிறேன்.

நம் இரண்டு தெருக்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் என் தம்பி அறிவழகன் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் மேட்டுத்தெரு ஆண்கள். பாக்கியலட்சுமியும் அதே தெரு. உப்பளம் மறுபடி திறந்தபோது பெண்கள் தெருவுக்கொரு வரிசையாக நின்றார்கள். நிறைந்த கூடையை யாரால் தனியாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியும்? எதிரே ஒருத்தி நின்று தூக்கிவிட வேண்டும். பாக்கியலட்சுமி தன் வரிசையை விட்டு வந்து என் அம்மா செல்லம்மாளின் எதிரே நின்றார்.

"யக்கா, கொஞ்சம் தூக்கி உடு."

"ஏன், உங்க தெருவுல பொம்பளைங்களே இல்லியா?"

"இருக்கறாங்க. நான் உன்னத்தான் கேக்குறேன். திட்டிக்கினே தூக்கு."

மகனை இழந்தவளிடம் ஆறுதல் சொல்லத்தானே எல்லோரும் வருவார்கள்? இவர் உதவி கேட்டு வந்தார். அம்மா தூக்கிவிட்டார். வரப்பு முழுக்கத் திட்டினார். மறுநாளும் பாக்கியலட்சுமி கேட்டார், மறுநாளும் திட்டு. ஒருநாள் திட்டு அழுகையானது. பிறகு மற்ற பெண்களும் வரிசை மாறினார்கள். எரிந்த எங்கள் கூரைகளுக்கு மேட்டுத்தெருப் பெண்கள் கீற்று முடைந்தார்கள். ஊரைவிட்டு ஓடிய குடும்பங்களை அழைத்துவர அம்மாவும் பாக்கியலட்சுமியும்தான் போனார்கள்.

நானோ புதுச்சேரிக் கல்லூரியிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தேன். "சாப்டியா?" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. தம்பியின் கடைசி நேரத்தை பாக்கியலட்சுமியிடம் சொன்னார். பெற்ற மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பேன்?

நேற்று பாக்கியலட்சுமியின் உடலைப் பார்க்க அம்மா முதன்முறையாக மேட்டுத்தெருவுக்குள் போனார். நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன்.

தோழர்களே, தலைவர் பொறுப்பை என்னை ஏற்கச் சொன்னீர்கள். அந்த இடம் செல்லம்மாளுக்கு உரியது. அவர் ஒப்புக்கொண்டார், சங்கக் கூட்டம் இனி மேட்டுத்தெருவில் நடக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பாக்கியலட்சுமியின் பணி தொடரும். அந்தக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று காலையில் அம்மாவிடம் சொன்னேன்.

"வர்றதுன்னா வா," என்றார். "பேசாம என் பக்கத்துல உக்காரு."